கல்லச்சில் பூத்த சோலைகள்

    

எமக்கு முன்னர்ப் பேசிய புலவர் பெருமக்கள் இலக்கியக் கடலில் முத்தெடுத்துக் காட்டினர். யாமோ பள்ளியிறுதி வகுப்புடன் படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங் கழிப்போம். ஆதலின் எமக்குத் தெரிந்த ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டோம். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் பொதுப் பூங்காக்களையும் அவற்றில் வளர்ந்த செடி கொடிகளையும் கல்லில் எழுதி அச்சிட்டு, கையால் வண்ணந் தீட்டி வெளியிட்ட படங்களே அப்பொருள். இப்படங்களை எவர் வரைந்தனர், எவர் வண்ணம் இட்டனர், இன்று அவை என்ன நிலையில் உள்ளன என்பவற்றைச் சுருங்கச் சொல்ல விழைகின்றோம்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். நாம் மாலை வேளையில் காற்று வாங்கச் செல்லும் மியூசியம் வளாகத்தை அறியாதார் இவ்வவையில் இரார். மலையாள அன்பர்கள் அதனைக் ‘காழ்ச்ச பங்களாவு’ என்பர். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில், ஆங்கில ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லனும், இவ்வூர் வான் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரவுனும் முயன்றதன் பயனாக, 1857-இல் கண்காட்சிச் சாலை மக்களுக்குத் திறக்கப்பெற்றது. 1859-இல் பூங்காவும் மிருகக்காட்சிச் சாலையும் அதனோடு சேர்ந்தன. பழைய கட்டிடத்தை அகற்றிவிட்டு, சென்னையில் புகழ் பெற்றிருந்த சிற்பி இராபர்ட் சிஷோம் வகுத்த முறைப்படி எழுப்பிய இன்றைய மாளிகை 1880-இல் முடிந்தது. பட்டை பட்டையாய் நிறந் தீட்டிய அதன் சுவர்களைச் சற்றே தொலைவில் நின்று நோக்கினால், அம்மாளிகையே கையால் வண்ணமிட்ட ஒரு பழம்படம்போல் தோன்றும்.

இந்த 1859 என்னும் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டிலேதான் சென்னையில் கவர்னர் டிரெவெலியன் மக்கள் பூங்காவுக்கு வித்திட்டார். சிங்கப்பூரில் இன்றுள்ள தாவரத் தோட்டமும் அவ்வாண்டிலேயே தோன்றியது. எனினும் இவற்றுக்கெல்லாம் மூத்தது கல்கத்தாத் தோட்டம். 1787-இல் இராபர்ட் கிட் என்னும் படைத்துறை அதிகாரி அதனை நிறுவினார். பெரதெனியாத் தோட்டம் இலங்கையில் 1821-இல் அமைந்தது. உதகைத் தோட்டத்தைக் கியூவிலிருந்து வந்த மக்கைவர் 1848 முதல் உருவாக்கினார்.

இத்தோட்டங்கள் எல்லாம் மக்கள் உலவுவதற்கென்றே எழுந்தன என்று எண்ணலாகாது. எந்தச் செடி எந்த மண்ணில் வளரும், எதை விற்றால் எவ்வளவு கிட்டும் என்று பார்ப்பதற்கே கும்பெனியார் முதலில் தோட்டம் போட்டனர். தேக்கும் தேயிலையும் பருத்தியும் சின்கோனாவும் அவர்தம் கணக்கில் வரவுப் பத்தியில் நின்றவை. நடைபாதையும் வாத்திய மேடையும் நீர்த்தடாகமும் பின்னர் வந்தன. அவ்வழகைக் கடல் கடந்து வாழும் உற்றார்க்குக் காட்ட விரும்பியோர் படம் எழுதுவித்தனர். அக்காலத்தில் நிழற்படம் பரவவில்லை. ஆதலின் கல்லச்சே கைகொடுத்தது.

கல்லச்சு என்பது யாது? பவேரியா நாட்டில் அலாய்ஸ் செனெஃபெல்டர் என்பார் 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கண்டுபிடித்த முறை அது. அதன் உட்பொருள் மிக எளியது: எண்ணெயும் நீரும் ஒட்டா. சோல்ன்ஹோஃபன் என்னும் ஊரில் கிடைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாய்த் தேய்த்து, எண்ணெய்ப் பசையுள்ள கரித்துண்டால் அதன்மேல் படம் எழுதுவர். பிறகு கல்லை மருந்திட்டுப் பதப்படுத்தி நீர் தடவுவர். எழுதாத இடம் நீரை ஏற்கும். எழுதிய இடம் நீரைத் தள்ளும். அதன்மேல் மையுருளையை உருட்டினால் மை எழுதிய இடத்தில் மட்டும் பற்றும். தாளை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறி விழும். வேண்டிய படிகள் எடுத்தபின் அக்கல்லைத் தேய்த்து, அடுத்த படத்திற்கு ஆயத்தஞ் செய்வர். ஆகவே கல் மிஞ்சினும் படம் அதில் மிஞ்சாது, தாளே சாட்சி. இக்கலை 1822-க்குள் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சென்னையிலும் விரைவில் வேரூன்றியது. தமிழ் நூல்கள் சில கல்லச்சில் வெளிவந்ததைப் பெரியோர் அறிவர்.

அச்சிட்ட தாள் கறுப்பு வெள்ளையாகவே இருக்கும். அதன்மேல் வண்ணம் ஏறுவது தூரிகையால். ஓர் ஓவியர் ஒரு படியை முன்மாதிரியாகத் தீட்டித் தருவார். அதனை எதிரில் வைத்துக்கொண்டு வரிசையாகச் சிலர் அமர்வர். ஒருவர் வானத்துக்கு நீலம் இடுவார். அடுத்தவர் இலைக்குப் பச்சை இடுவார். மூன்றாமவர் பூவுக்குச் சிவப்பு வைப்பார். இலண்டனில் இவ்வேலையில் பெண்டிரும் சிறுவரும் பெருவாரியாக ஈடுபட்டனர். 1787-இல் தொடங்கிய கர்ட்டிஸ் தாவரவியல் இதழின் படங்கள் 1948 வரையில் கையாலேயே வண்ணந் தீட்டப்பெற்றன என்றால், இத்தொழிலின் நீடிப்பை நாம் உணரலாம். விமானம் பறந்த காலத்திலும், வானொலி பேசிய காலத்திலும், ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதக் கை பட்டுக்கொண்டிருந்தது.

வண்ணங்களின் பிறப்பும் சுவையானது. மஞ்சளுக்குப் பயன்பட்ட காம்போஜ் என்பது நம் வீட்டு மீன் குழம்பில் இடும் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பிசின். செந்நிறத்திற்கு உதவிய கார்மைன், சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் பூச்சியை உலர்த்திப் பெறுவது. அப்பூச்சியை வளர்க்கவென்றே மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். தோட்டத்தைத் தீட்டும் வண்ணத்துக்கே ஒரு தோட்டம் வேண்டியிருந்தது, பாருங்கள்! பச்சை நிறத்தைப் பெரும்பாலும் நீலத்தையும் மஞ்சளையும் கலந்து ஆக்கினர். வெயில் பட்டால் மஞ்சள் முதலில் வெளிறும். நீலம் நிலைத்து நிற்கும். பழம்படங்கள் சிலவற்றில் மரங்கள் நீல இலையுடன் நிற்பதற்குக் காரணம் இதுவே. ஓவியன் கண்ட மரம் பச்சையே. காலம் அதன் மஞ்சளைக் களவாடிவிட்டது.

நிற்க. எம் தொழிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளைக் கையில் எடுப்பினும், செய்தியைப் படிக்குமுன் எண், தேதி, கையொப்பம் ஆகியவற்றைப் பார்ப்போம். ஒப்பமில்லாத் தாள் எம் அலுவலகத்தில் செல்லாது. அக்கண்ணோடு இப்படங்களின் அடிவிளிம்பைப் பார்த்தால் பல செய்திகள் கிட்டும். இடப்பக்கத்துப் பெயரை அடுத்து ‘டெல்’ என்றிருந்தால் அவர் படம் வரைந்தவர். வலப்பக்கம் ‘லித்’ என்றிருந்தால் அவர் அதனைக் கல்லில் எழுதியவர். நடுவில் அச்சிட்டவர் பெயரும், வெளியிட்டவர் பெயரும், ஆண்டும் இருக்கும்.

கல்கத்தாத் தோட்டத்தின் தலைவராக இருந்த வாலிக் 1830 முதல் 1832 வரை மூன்று பெருந்தொகுதிகளாக ஆசியாவின் அரிய தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதன் ஏறத்தாழ 300 படங்களை இலண்டனில் மாக்சிம் காசி என்பவர் கல்லில் எழுதினார். ஆனால் அவற்றுட் பலவற்றின் அடியில், வரைந்தவர் என்று விஷ்ணுபிரசாத், கோராசாந்த் என்னும் பெயர்கள் காணப்படும். தோட்டத்தில் சம்பளத்துக்கு இருந்த இந்திய ஓவியர் அவர்.

நம் தென்னாட்டிலோ இன்னும் பெருமைக்குரிய கதை ஒன்று உண்டு. இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-இல் சென்னைக்கு வந்தார். 1853-இல் நாடு திரும்பினார். தென்னிந்தியத் தாவரங்களைப் படத்துடன் பதிவு செய்வதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். பிற நாட்டை நம்பியிராது, சென்னையிலேயே கல்லச்சில் தம் நூல்களை அச்சிட்டார். அவருடைய ‘ஐக்கோனஸ்’ என்னும் ஆறு தொகுதி நூலில் மட்டும் 2,101 படங்கள் உள. நீலகிரித் தாவரங்களைப் பற்றிய அவருடைய மற்றொரு நூலின் படங்கள் கையால் வண்ணந் தீட்டப்பெற்றவை. இவற்றுக்கு வேண்டிய சித்திரங்களை எழுதியவர் இருவர். முதலில் ரங்கய்யா, அவருக்குப் பின் கோவிந்து. பாட்டன் காலத்துக் கோவிற் சித்திரத்திலும் அரண்மனை ஓவியத்திலும் பழகிய கை, மகரந்தத்தையும் சூலகத்தையும் பிளந்து காட்டக் கற்றுக்கொண்டது. வைட் நன்றி மறவாதவர். ஆர்க்கிடு இனத்தில் தாம் புதிதென்று கருதிய ஒன்றுக்குக் ‘கோவிந்தூயியா’ என்று தம் ஓவியர் பெயரையே சூட்டினார். பிற்கால அறிஞர் அதனை வேறோர் இனத்தில் சேர்த்துவிட்டனர். எனினும் மாதச் சம்பளத்துக்குப் படம் எழுதிய ஒருவரின் பெயர் உலகத் தாவர நூல்களில் ஏறியது பெருமையே அன்றோ?

அப்பெருமையும் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. எடின்பரோத் தோட்டத்து அறிஞர் ஹென்றி நோல்ட்டி 2007-இல் மூன்று தொகுதிகளாக வைட்டையும் அவ்விரு ஓவியரையும் பற்றி எழுதி வெளியிட்டார். ரங்கய்யா, கோவிந்து ஆகியோரின் பெயர்கள் நூலின் தலைப்பிலேயே இடம் பெற்றன. நம்மவர் பெயரை நமக்கு நினைவூட்ட ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது!

இதற்கும் மேலாக எம் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. படத்தின் அடிவிளிம்பில் வரைந்தவர்க்கு இடம் உண்டு. கல்லில் எழுதியவர்க்கு இடம் உண்டு. அச்சிட்டவர்க்கும் விற்றவர்க்கும் இடம் உண்டு. ஆயிரம் இலைகளுக்கு ஆயிரம் முறை தூரிகை தொட்ட வண்ணக்காரருக்கு மட்டும் இடம் இல்லை. படத்திற்குள்ளும் அப்படியே. 1835-இல் ஜார்ஜ் ஷார்ஃப் இலண்டன் ரீஜெண்ட் பூங்காவின் மிருகக்காட்சிச் சாலையைக் கல்லச்சுப் படங்களாக வெளியிட்டார். அவற்றில் பட்டுக்குடை பிடித்த சீமாட்டிகளும் உயர்ந்த தொப்பி அணிந்த கனவான்களும் நிறைந்திருப்பர். நம் நாட்டுத் தோட்டக் காட்சிகளிலும் சாரட்டும் துரைமாரும் முன்னே நிற்பர். குழி வெட்டியவன், நீர் சுமந்தவள், பாத்தி கட்டியவன் ஆகியோர் இருந்தால் மரநிழலில் ஒரு சிறு புள்ளியாக, அளவு காட்டுவதற்கென்று வைத்த பொம்மைபோல் இருப்பர்.

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு இது நன்கு விளங்கும். இந்நகரின் கடைத்தெருவிலும் அலுவலகங்களிலும் இரயில் பாதையிலும் தமிழர் உழைப்புக் கலந்திருக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு அடிவிளிம்பில் ஒரு பெயர் வரி கிடைத்தது? ஆதலின் பழம்படத்தைப் பார்க்கும்போது அழகை மட்டும் பாராட்டி நகர்தல் போதாது. அதில் இல்லாதவரையும் தேடிப் பார்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

அவ்வாறாயின், உழைத்தவரை மறைத்த படத்தை நாம் ஏன் காக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். விடை சென்னையில் இருக்கிறது. டிரெவெலியன் அமைத்த மக்கள் பூங்கா எங்கே? சென்னை மிருகக்காட்சிச் சாலை 1863 முதல் அப்பூங்காவில் இருந்தது. பின்னர் அந்நிலத்தில் விக்டோரியா மண்டபம் எழுந்தது, 1900-இல் மூர் மார்க்கெட் திறந்தது, 1913-இல் ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கமும் வந்தது. 1985-இல் மிருகங்கள் வண்டலூருக்குச் சென்றன. அதே ஆண்டு மே மாதத்தில் மூர் மார்க்கெட் தீக்கு இரையாயிற்று. பழம்புத்தகமும் பழம்படமும் தேடுவோர்க்குப் புகலிடமாயிருந்த அங்காடி அது. அவ்விடத்தில் இன்று இரயில்வேயின் புறநகர் நிலையம் நிற்கிறது. சென்ட்ரலில் இறங்கி மின்தொடர் பிடிக்க விரைவோர், தாம் மிதிப்பது ஒரு பூங்காவின் நிலம் என்று அறியார். இரயில்வேயின் உப்பைத் தின்னும் யாம் இதனைக் குறையாகக் கூறவில்லை. நிலையமும் மக்களுக்கு வேண்டியதே. பூங்கா போனபின் அதன் பாதையும் தடாகமும் எங்கிருந்தன என்று சொல்ல, தாள்தான் எஞ்சுகிறது என்பதையே கூறுகின்றோம். மறைக்கும் சாட்சியானாலும் அது சாட்சியே. குறுக்கு விசாரணை செய்து உண்மையைப் பெறலாம். சாட்சியையே இழந்துவிட்டால் வழக்கே இல்லை.

இந்தச் சாட்சிகள் இன்று இரு வகையில் அழிகின்றன. முதலாவது, வணிகத்தால். முழு நூலை விற்பதைவிட, அதன் படங்களை ஒவ்வொன்றாய் அறுத்துச் சட்டமிட்டு விற்றால் இலாபம் மிகுதி. ஆகவே நூல் சிதைகிறது. படம் தன் பக்கத்து விளக்கத்தை இழந்து, ஊரும் பேரும் தெரியா அநாதையாகிச் சுவரேறுகிறது. அடிவிளிம்பைச் சட்டத்துக்காக வெட்டிவிடுவாரும் உளர். அவ்விளிம்பிற்றானே ரங்கய்யாவின் பெயர் இருக்கும்! இன்னும் சிலர் பழைய கறுப்பு வெள்ளைப் படத்திற்கு நேற்று வண்ணம் பூசிப் பழைமை என்று விற்பர். வாங்க விழைவோர் ஒரு பூதக்கண்ணாடியைக் கையோடு கொண்டு செல்லுக. கல்லச்சில் மணல் தூவினாற்போன்ற ஒழுங்கற்ற கரும்பொடி தெரியும். வரிசை வரிசையாய்ப் பல நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது இக்கால இயந்திர அச்சு. கைவண்ணம் ஆங்காங்கே கோட்டைத் தாண்டியிருக்கும்; தூரிகை நின்ற இடத்தில் நிறம் தேங்கியிருக்கும். தாளை ஒளியில் பிடித்தால் சிலவற்றில் நீரெழுத்தாக ஆலையின் பெயரும் ஆண்டும் தென்படும்.

இரண்டாவது, நம் கவனக்குறைவால். திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இரு பருவமழை. சுவர் வேர்க்கும், இராமபாணப் பூச்சி பெருகும். எமக்குத் தெரிந்த ஒரு முதியவர், ஓய்வு பெற்ற கார்டு, உதகைத் தோட்டத்தின் பழம்படம் ஒன்றைத் தந்தையின் நினைவாக வைத்திருந்தார். ஈரம் தாக்கக்கூடாதென்று பிள்ளைகள் அன்போடு அதற்குப் பிளாஸ்டிக் உறை உருக்கி ஒட்டுவித்தனர். உள்ளிருந்த ஈரம் வெளியேற வழியின்றி, மூன்று மழைக்காலத்தில் படமெங்கும் பழுப்புப் புள்ளி பூத்துவிட்டது. ஒட்டிய உறையைப் பிரித்தால் வண்ணமும் உடன் வரும். அன்பு இருந்தது, முறை தெரியவில்லை.

முறை கடினமானதன்று. படத்தை வெயில் படும் சுவரிலும், மழை தாக்கும் புறச்சுவரிலும் மாட்டற்க. கண்ணாடி தாளைத் தொடாதவாறு இடையில் ஓர் அட்டை விளிம்பு வைக்க. செய்தித்தாளையும் சாதாரண அட்டையையும் பின்னால் வைக்கற்க; அவற்றின் அமிலம் தாளைத் தின்னும். அமிலமற்ற அட்டை இன்று கடைகளில் கிடைக்கிறது. பசையும் ஒட்டுநாடாவும் அறவே ஆகா. ஆண்டுக்கு இருமுறை, மழை விட்டபின், இறக்கிப் பார்த்து நிழலில் காற்றாட விடுக. ஓலைச் சுவடியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த இனத்தார்க்கு இவை புதியன அல்ல.

நம் ஊர்ப் பூங்கா பிறந்தபோது கைவண்ணக் கலை சாயத் தொடங்கியிருந்தது. பல கற்களால் பல நிறம் அச்சிடும் முறை வளர்ந்து வந்தது. அம்முறையிலேதான் கிளிமானூர் தந்த இரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களை நாடெங்கும் பரப்பினார். நம் பாட்டியர் பூசையறையில் மாட்டிய இலக்குமியும் கலைமகளும் அவ்வழி வந்தவர்களே. பின்னர் நிழற்படத்துக்கு வண்ணம் ஏற்றிய அஞ்சலட்டைகள் வந்தன. இவையெல்லாம் ஒரே குடும்பத்து உறுப்பினர். இவற்றில் ஏதேனும் ஒன்று நம் அன்பர் இல்லங்களின் பெட்டியடியில் உறங்கிக்கொண்டிருத்தல் கூடும்.

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் இல்லங்களில் உள்ள பழம்படங்கள், அஞ்சலட்டைகள் ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு தொடங்குவோம். படத்தை எவரும் சங்கத்துக்குத் தர வேண்டியதில்லை. அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். முன்பக்கம், பின்பக்கம், அடிவிளிம்பு ஆகிய மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்து, எவர் வாங்கியது, எவ்வழி வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு நான்கு வரி எழுதி வைப்போம். பெரியவர் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும், படம் பேசாது. பதிவேட்டில் ஒரு பத்தியைத் தனியே ஒதுக்குவோம். அப்பத்தியின் தலைப்பு ‘பெயர் இல்லாதவர்’ என்று இருக்கட்டும். வண்ணக்காரர், தோட்டக்காரர், சுமந்தவர் என்று படத்தில் நாம் காணும் அல்லது காணாத உழைப்பாளியை அங்கே குறிப்போம். பதிவேடு எழுதும் குமாஸ்தா வேலையை ஊதியமின்றிச் செய்ய யாம் ஆயத்தமாக உள்ளோம். எமக்குத் தெரிந்த கலை அது ஒன்றுதான்.